வெள்ளை நூல் கட்டிய கத்தி

அவர் ஏற்பாட்டில் செத்தவர்கள் எழுபத்திரண்டு பேர். கத்திக்குத்து, கழுத்தறுப்பு, சைக்கிள் செயின் அடி, மாடியிலிருந்து தள்ளிவிட்டது என்று எல்லாமே உண்டு. எழுபத்தொரு பேர் செத்து முடித்ததும் எழுந்து, சட்டையில் வழிகிற சாயத்தோடு டீ குடிக்கப் போனார்கள். ஒருவன் மட்டும் எழவில்லை. அவன் அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

அந்தப் பக்கத்தில் அவரைக் ‘கத்தி’ என்று சொன்னால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். அவருடைய அப்பா தெருத்தெருவாகப் போய்க் கத்தரிக்கோலுக்கும் கத்திக்கும் சாணை பிடித்தவர். அப்பாவின் தம்பி, அதாவது சித்தப்பா, நாடகக் கொட்டகையில் திரை இழுத்தவர். அப்பாவிடமிருந்து கூரும் சித்தப்பாவிடமிருந்து பொய்யும் வந்து சேர்ந்ததில் இவருக்கு ஒரு பிழைப்பு அமைந்தது. படப்பிடிப்பில் கத்தி, துப்பாக்கி, ரத்தம் எல்லாம் இவர் பொறுப்பு. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயத்தைக் கலந்து, அதில் ஒரு கரண்டி காப்பித் தூளைப் போட்டால் ரத்தம். வாயில் பட்டாலும் கெடுதல் இல்லை, ஈதான் மொய்க்கும்.

‘பதினேழாம் வட்டம்’ என்கிற தொலைக்காட்சித் தொடரில் அவருக்கு ஒரு வருஷம் வேலை. வியாழக்கிழமை ஆனால் ஊரே அடங்கிப் போகும். ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு கொலைகாரக் கும்பல், மற்றபடி முழுக்க அந்த ஊர்தான். புகை பிடித்த ஆலைகள், ஆற்றுக்கு மேலே இரும்புப் பாலம், மழையில் ஊறுகிற சரக்குக் கொட்டகை, பூட்டுக் கடைகள் வரிசையாக நிற்கிற குறுகலான சந்து. அதில் வாரம் ஒரு பிணமாவது விழாமல் இருந்ததில்லை.

தொடர் முடிந்து, தேய்ந்து, மறந்தும் போயிற்று. இருபத்தைந்து வருஷம் கழித்து அது போனில் வர ஆரம்பித்தது. அப்போது பிறக்காத பிள்ளைகளெல்லாம் பார்த்துவிட்டுப் பைத்தியமானார்கள். பிணம் விழுந்த இடங்களைப் பார்ப்பதற்கென்றே ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டிப் பெண்ணும் கிளம்பினாள்.

அவள் ஒரு நாள் மத்தியானம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“ஐயா, ‘கத்தி’ங்கிறது நீங்கதானே?”

“இப்போ வெங்காயம் நறுக்கறதோட சரிம்மா. உள்ள வா.”

மனைவி சமையல்கட்டில் குக்கரை வைத்துவிட்டு, இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவள் முதுகு மறைந்ததும் அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். இந்தப் பெண் எதைப் பற்றிப் பேசுவாள் என்று அவருக்குத் தெரியும். அது சமையல்கட்டுக்குக் கேட்கக் கூடாது. இருபத்தைந்து வருஷமாக அவருடைய உயிர் அந்த ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

“நாற்பத்தொண்ணாவது பாகம் ஐயா! பூட்டுச் சந்துல ஹீரோவைக் குத்துவாங்களே. அந்த அலறல்! என் போன்ல மணியே அதுதான். இருங்க, போட்டுக் காட்டறேன்...”

“வேண்டாம்மா, வேண்டாம். சார்ஜ் தீர்ந்துடப் போகுது.”

“நூறு இருக்கு ஐயா.”

“இருக்கட்டும். இருக்கிறதைச் செலவு பண்ணாத.”

அவள் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“குத்து வாங்கறப்போ ஹீரோ ‘அக்கா’ன்னு கத்துவானே, அது யார் எழுதினது ஐயா? ஏழாவது பாகத்துல அவன் அக்காவைக் கொன்னுடுவாங்க. சாகும்போது ‘அம்மா’ன்னு கத்தாம ‘அக்கா’ன்னு கத்த வச்சாங்க பாருங்க, அதைப் பத்தி மட்டும் நான் பத்துப் பக்கம் எழுதியிருக்கேன்.”

“யாரும் எழுதலைம்மா” என்றார் அவர். நாக்கு அவரை முந்திக்கொண்டது. “அதுவா வந்தது.”

அது எப்படி வந்தது என்பதற்கு அவருடைய மனைவி வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

மூன்று பிள்ளைகள். மூத்தவன் லாரி ஓட்டினான். நடுவில் பிறந்தவள்தான் இவர் மனைவி. அவளுக்கும் கடைக்குட்டிக்கும் பதினோரு வயசு வித்தியாசம். அவனைப் பெற்ற வாரமே தாய் போய்விட்டாள், அடுத்த வருஷம் ஆலையில் கொதிகலன் வெடித்துத் தகப்பனும் போனான். பெரியவன் சம்பாதித்துப் போட்டான், அக்கா வளர்த்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டுதான் புருஷன் வீட்டுக்கு வந்தாள். காலில் ஆணி குத்தினாலும் சரி, காய்ச்சலில் உளறினாலும் சரி, அவன் வாயில் ‘அம்மா’ என்று வந்ததே இல்லை. வந்ததெல்லாம் ‘அக்கா’தான்.

உயரமும் தோளும் ஹீரோவைப் போல அச்சாக இருந்ததால், அடி வாங்குகிற காட்சிகளில் ஹீரோவுக்குப் பதிலாக நிற்க அவனைச் சேர்த்துவிட்டது இவர்தான். முகம் தெரியாது, முதுகு மட்டும் தெரியும். “மாமா, ஊர்ல எல்லா அடியும் எனக்கு, கைதட்டல் அவருக்கா?” என்று சிரிப்பான்.

அன்றைக்குப் பூட்டுச் சந்தில் கடைகள் திறப்பதற்கு முன்னால், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் படம் பிடித்தார்கள். ஆட்கள் மொத்தம் ஏழு பேர். பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு கத்திகள். ஒன்று நிஜம். இன்னொன்றை எதன் மேலாவது அழுத்தினால் அலகு பிடிக்குள்ளே போய்விடும். இரண்டுக்கும் கறுப்புப் பிடிதான். நிஜக் கத்தியின் பிடியில் மட்டும் அவர் வெள்ளை நூல் சுற்றியிருப்பார். வெள்ளை தெரிந்தால் நிஜம், தெரியாவிட்டால் பொய். அதோடு விடமாட்டார், எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் தன் உள்ளங்கையில் ஒரு தரம் அழுத்தியும் பார்ப்பார். எழுபத்தொரு கொலையில் இந்த முறை ஒரு தரமும் தப்பியதில்லை.

முதலில் நிஜக் கத்தியால், மணல் மூட்டைக்குச் சட்டை மாட்டி, அதில் கட்டியிருந்த ரத்தப் பையைக் கிழித்துக் கிட்டத்தில் எடுத்தார்கள். பாகு பீறிட்டுக் கத்தியெல்லாம் வழிந்தது. அவர் துடைத்தும் துடைக்காமலும் பெட்டியில் போட்டார். டைரக்டர் தலைக்கு மேல் நின்று கத்தினார்: “வெயில் ஏறுதுய்யா! குத்துற கத்தியைக் குடு!” அவர் குனிந்து பார்த்தார். மேலாக இருந்த கத்தியில் வெள்ளை தெரியவில்லை. நூலில் சாயமும் காப்பித் தூளும் ஊறிக் கறுப்புப் பிடியோடு ஒன்றாகிவிட்டிருந்தது. எடுத்தார். கை பிசுபிசுவென்று இருந்ததால் துணியில் துடைத்துக்கொண்டு அழுத்திப் பார்க்கலாம் என்று திரும்பினார். அதற்குள் வில்லன் நடிகர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

சொல்லிக்கொடுத்தபடி முழு வேகத்தில் குத்தினார். விலாவுக்குக் கீழே ஒன்று, உருவி மறுபடி ஒன்று.

“அக்கா!”

சந்து முழுக்க அந்தச் சத்தம் மோதியது. “பிரமாதம்!” என்றார் டைரக்டர். விளக்குப் பிடித்தவன் கை தட்டினான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. பையன் சுவரைப் பிடித்துச் சரிந்தான். விரலிடுக்கில் வந்த ரத்தம் பாகு போலக் கனத்து இறங்கவில்லை, தண்ணீராக ஓடியது. காப்பி வாசனை வரவேண்டிய இடத்தில் துருப் பிடித்த இரும்பு வாசனை வந்தது. அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் காயத்தைப் பொத்தினார். சூடு அவர் முழங்கை வரைக்கும் வழிந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் இரண்டு நாள் இருந்தான். முதல் நாள் மூச்சு இழுத்து இழுத்துச் சொன்னான்: “மாமா, யாரோ குத்திட்டு ஓடிட்டான்னு சொல்லிடலாம். நீங்களும் உள்ள போயிட்டா அக்காவுக்கு யாரு?” போலீஸ்காரரிடமும் அப்படியே சொன்னான். முகம் தெரியவில்லை என்றான். மறுநாள் மத்தியானம் அக்கா மடியில் தலை வைத்தபடி போய்விட்டான்.

அங்கே நின்ற மற்றவர்களும் வாயைத் தைத்துக்கொண்டார்கள். வில்லன் நடிகர் குடித்தே செத்தார். டைரக்டர் அந்தப் படச் சுருளை எரித்துவிடுவதாகச் சத்தியம் செய்தார், ஆனால் எரிக்க அவருக்கு மனசு வரவில்லை. அந்த வாரம் இவர் வீட்டில் டிவிக்கு மேல் துணி போட்டு மூடிக் கிடந்ததால் அவள் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு தொடரின் பெயரையே வீட்டில் எடுப்பதில்லை. புருஷனுக்குத் தாங்காது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

பொய் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குத்து விழுந்ததற்கு இரண்டு நாளைக்கு முன்னால், படப்பிடிப்புச் சாமானைக் கடை வாசலில் அடுக்கிவிட்டார்கள் என்று பூட்டுக் கடைக்காரனுக்கும் தம்பிக்கும் வாய்ச்சண்டை வந்திருந்தது. தம்பி சாவித் தட்டைக் காலால் உதைத்துவிட, கடைக்காரன், “உன் வயித்தைக் கிழிச்சுடுவேன்டா” என்று கத்தியிருந்தான். தெருவே கேட்டது. போலீஸ் அவனைக் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. லாரி ஓட்டும் பெரியவன் விடவில்லை.

“மாப்பிள்ளை, கிளம்புங்க. நீங்க பிடிச்சா போதும், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போனார். கடைக்குள்ளே, பூட்டுகள் தொங்கும் பலகைக்கு அடியில், கடைக்காரனை மல்லாத்தி அவன் தோள் இரண்டையும் அழுத்திப் பிடித்தது இவர் கைதான். பெரியவன் லாரிக் கம்பியால் முதலில் வலது முட்டியை அடித்தான், பிறகு இடது முட்டியை. தொடரில் எலும்பு முறிகிற சத்தத்துக்குக் கேரட்டை ஒடிப்பார்கள். நிஜத்தில் அது ஈரத் துணியைக் கல்லில் அறைந்தது போலக் கேட்டது. கடைக்காரன் கத்திக் கத்தி வாந்தி எடுத்தான். பிடித்துக்கொண்டிருந்தவர் தேம்பித் தேம்பி அழுதார். கண்ணீர் கீழே கிடந்தவன் நெற்றியில் சொட்டியது.

கோர்ட்டில் பெரியவன் தான் தனியாகத்தான் போனேன் என்றான். விசித்திரம் என்னவென்றால், கடைக்காரனும் ஒரு ஆளைத்தான் சொன்னான். பெரியவனுக்கு ஏழு வருஷம் போட்டார்கள். நாலாம் வருஷம் ஜெயிலில் சாப்பாட்டு வரிசையில் தகராறு வந்து, தட்டின் விளிம்பைத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்த ஒருவன் அவன் கழுத்தில் இழுத்துவிட்டான். இப்படியாக ஒரு நூலின் தப்புக்கு இரண்டு மச்சான்களும் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று பேர் காப்பாற்றிவிட்ட ஆள் மட்டும் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி? காய்கறி வாங்கப் போக நல்ல அகலமான ரோடு இருந்தும், அவள் பூட்டுச் சந்து வழியாகத்தான் போவாள். கடை வாசல்படிக்கு நேரே வந்ததும் காறித் துப்புவாள். ஊன்றுகோலை இழுத்துக்கொண்டு வந்து கடைக்காரன் துடைப்பான். இருபத்தைந்து வருஷமாக அவர்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

“ஞாயித்துக்கிழமை நீங்க வரணும் ஐயா. அந்த ரெண்டு கத்தியையும் கொண்டுவந்து காட்டுங்க. எல்லாரும் உயிரை விடுவாங்க” என்றாள் வழிகாட்டிப் பெண்.

முடியாது என்று அவர் வாயெடுப்பதற்குள் சமையல்கட்டிலிருந்து பதில் வந்தது. “வருவாரு. நானும் வர்றேன். என் தம்பி கடைசியா நடமாடின இடம்.”

“உனக்கு முட்டிவலி. அவ்வளவு தூரம்...”

“அந்தச் சந்துல முட்டியே இல்லாம ஒருத்தன் உக்காந்திருக்கான். அவனைப் பாத்தாலே எனக்கு வலி போயிடும்.”

மாடிப்படி வரைக்கும் அந்தப் பெண்ணைக் கொண்டுவிடப் போனவர் கெஞ்சினார். “அந்தச் சத்தத்தை மட்டும் போடாதம்மா. இவளுக்கு ஆகாது.”

“அதைக் கேக்கத்தான் ஐயா வர்றாங்க.” அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, போடலை. சத்தியமா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு பேர் வந்தார்கள். இரும்புப் பாலத்தில் நின்று, “இங்கிருந்துதான் கணக்குப்பிள்ளையைத் தள்ளினாங்க” என்று எட்டிப் பார்த்தார்கள். ஆலை இருந்த இடத்தில் கண்ணாடிக் கடைகள் எழும்பியிருந்தன. “ஐயோ, தலையைப் பெட்டியில வச்சு அனுப்பின இடத்துல செருப்பு விக்கிறாங்களே!” என்று ஒருத்தி நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

பூட்டுச் சந்து மாறவில்லை. கடைக்காரன் படிக்கு உள்ளே தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து அரத்தால் சாவி ராவிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் மனைவி வழக்கம் போலத் துப்பினாள். கூட்டம் ஒரு அடி விலகியது.

“இந்தக் காட்சி தொடர்ல இல்லையே” என்றான் ஒருவன்.

அவர் அவசரமாகப் பெட்டியைத் திறந்தார். பொய்க் கத்தியை எடுத்துத் தன் நெஞ்சிலேயே குத்திக்காட்டினார். அலகு உள்ளே போய் வந்ததும் சிரித்தார்கள். நிஜக் கத்தியையும் தூக்கிக்காட்டி நூல் விஷயத்தைச் சொன்னார். வழிகாட்டிப் பெண் கிட்டத்தில் வந்து பார்த்தாள்.

“வெள்ளை நூல்னு சொன்னீங்க? இது பழுப்பா இருக்கே ஐயா.”

“பழசும்மா...”

அப்போது அவள் பையில் போன் அடித்தது. சத்தத்தைப் போடவில்லை, படத்தைப் போடவில்லை, அந்தப் பெண் வாக்குத் தவறவில்லை. யாரோ கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். அவள் போனுக்கு மணியே அதுதான் என்பதை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள்.

“அக்கா!”

அதே சுவரில் மோதி அதே சத்தம். அவள் பதறிப் பைக்குள் கையை விட்டுத் துழாவுவதற்குள் இரண்டாம் தரமும் அடித்துவிட்டது.

காய்கறிப் பையோடு நின்ற அவர் மனைவி சுவரைப் பார்த்தாள். “இது என் தம்பி” என்றாள்.

“ஓ, டூப்பா நடிச்சவர் உங்க தம்பியாம்மா? என்னமா நடிச்சிருக்காரு!”

“அவனுக்கு நடிக்கத் தெரியாது.” திரும்பாமலே கேட்டாள்: “என்னங்க, இது எப்போ எடுத்தது?”

இன்னும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. அதற்கு முந்தின நாள் எடுத்தது என்று சொன்னால் தீர்ந்தது. அவர் வாயைத் திறந்தார். கையிலிருந்த பழுப்பு நூல் கண்ணில் பட்டது.

“அன்னைக்குக் காலையில” என்றார். “நூல்ல சாயம் ஊறிடுச்சு. வெள்ளை தெரியலை. நான்தான் எடுத்துக் குடுத்தேன். யாரும் ஓடலை, யாரும் வெளியில இருந்து வந்து குத்தலை. உனக்கு நான் வேணும்னு அவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான்.”

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அடிக்கவில்லை. கடையைப் பார்த்தாள். ராவுகிற சத்தம் நின்றிருந்தது.

“அதான் அழுதியா?” என்றான் கடைக்காரன்.

அரத்தைக் கீழே வைத்தான்.

“என்னை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுதியே, இவனையும் மிரட்டி இழுத்துட்டு வந்திருக்காங்க, பாவம்னு நெனச்சு உன் பேரை நான் சொல்லலை. இருபத்தஞ்சு வருஷமா உனக்காகப் பரிதாபப்பட்டேன்டா, படுபாவி.” பட்டறைக் கல்லைத் தட்டினான். “கையைக் கொண்டா.”

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படியில் மண்டியிட்டார். யாரும் பிடிக்காமல், தானாகவே வலது கையைக் கல்லின் மேல் விரித்து வைத்தார். கடைக்காரன் ஆணி அடிக்கிற சுத்தியலை எடுத்து ஆள்காட்டி விரலின் முட்டியில் போட்டான். அதே ஈரத் துணிச் சத்தம். அவர் மேல்சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டார். அடுத்தது நடுவிரலில் விழுந்தது. நகம் பிய்ந்து சாவிகளுக்கு நடுவே தெறித்தது, பித்தளை மேல் ரத்தம் கோடு போட்டது.

கூட்டம் கை தட்டியது. “செம!” என்றான் ஒருவன். எல்லாக் கையிலும் போன் உயர்ந்திருந்தது.

சுத்தியல் மூன்றாம் தரமும் ஏறியது. அப்படியே நின்றது.

“முட்டி ரெண்டு, விரல் ரெண்டு, போதும் போ” என்று கடைக்காரன் சுத்தியலை எறிந்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

வழிகாட்டிப் பெண்தான் முதலில் குனிந்து பார்த்தவள். “நிஜம்! தட்டாதீங்க, இது நிஜம்!” என்று அலறினாள். கைதட்டல் ஒவ்வொன்றாக அறுந்து நின்றது.

அவர் மனைவி காய்கறிப் பையை உதறினாள். சிரமப்பட்டுக் கால் மடக்கிப் படியில் உட்கார்ந்து, தான் துப்பியதைப் பையால் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். “விடுங்கம்மா” என்றான் கடைக்காரன், சுவரைப் பார்த்தபடியே. அவள் விடவில்லை.

பிறகு வழிகாட்டிப் பெண்ணைக் கூப்பிட்டாள். “அதை இன்னொரு தரம் போடு.”

“அம்மா, வேண்டாம்மா...”

“அவன் குரலே எனக்கு மறந்து போச்சும்மா. இவரு எடுத்து ஒளிச்சு வச்சுட்டாரு. போடு.”

போட்டாள்.

“இதோ இருக்கேன்டா” என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் விரலைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். “இது அடிபட்டது. யார் அடிச்சாங்கன்னு சொல்லுங்க, போலீசுக்கு எழுதணும்.” அவர் பழக்கதோஷத்தில், கதவில் மாட்டிக்கொண்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற மனைவி அவர் தோளில் கையை வைத்து அழுத்தினாள். வலிக்கும்படி அழுத்தினாள்.

“யார் பேரும் எழுதாதீங்க டாக்டர்” என்றாள். “இவரா கேட்டு வாங்கிக்கிட்டது.”